எமில் இன்னும் இறங்கவில்லை

பேஸ்பால் மைதானத்தின் பக்கவாசலில் லோர்னா வ்ராபெல் காரை நிறுத்தியபோது நன்றாக விடிந்திருந்தது. ஆனால் வெளிச்சம் வரவில்லை. ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி பார்வையாளர் மேடையின் பாதி உயரம் வரை ஏறி, அதற்கு மேல் ஏறத் தெம்பில்லாததுபோல் அங்கேயே நின்றிருந்தது. அதற்கு மேலே, எங்கும் ஊன்றாதவை போல, ஆறு விளக்குக் கோபுரங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. துருப்பிடித்த இரும்புச் சட்டங்கள். அவற்றில் வரிசை வரிசையாகக் குருட்டு விளக்குகள்.

லோர்னா காரிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். இறங்க வேண்டும் என்று தெரியும். உடம்பு கேட்கவில்லை.

உள்ளூர்ப் பத்திரிகை மூடப்படும் வரை அதில் படம் எடுத்துக்கொண்டிருந்தவள். இப்போது ப்ரான்ட்ஸ்வில் நகராட்சி எதையாவது இடிக்கப் போகிறதென்றால் அவளுக்கு ஃபோன் வரும். பாலம், பள்ளிக்கூடம், உருக்காலையின் புகைபோக்கி என்று எத்தனையோ எடுத்தாயிற்று. போவதற்கு முன் ஒரு படம், போகும்போது ஒரு படம், போன பிறகு ஒரு படம். பென்சில்வேனியாவின் இந்த மூலையில் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. கணவன் கார்ல் இறந்துபோன பிறகு வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க யாருமில்லை. அதனால் எந்த வேலைக்கும் முடியாது என்று சொல்வதில்லை. எந்த வேலையிலும் மனசும் ஒட்டுவதில்லை.

"வந்துட்டியா லோர்னா?" வேலைக்குழுவின் தலைவன் எல்டன் காபிக் கோப்பையோடு வந்தான். கரடி மாதிரி உடம்பு, நொண்டும் முழங்கால். "இன்னைக்காவது என்னை ஒழுங்கா எடு. பாலத்தை உடைச்சப்ப எடுத்த படத்துல நான் பொணம் மாதிரி இருந்தேன்."

"கேமரா உள்ளதைத்தான் எடுக்கும் எல்டன்."

ஆளை உயரே தூக்கும் கூடையில் வேலை செய்கிற ட்ராவிஸ் அதில் நின்றபடியே சிரித்தான். "பாஸ், மூஞ்சி உங்களோடது. அதுக்கு அவங்க என்ன பண்ணுவாங்க?"

"நீ பெல்ட்டை மாட்டுடா முதல்ல."

மைதானத்துப் புல்லைப் பார்த்துக்கொள்ளும் ரேமண்ட், கிரேனின் சக்கரங்களுக்குக் கீழே பலகைகளை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர். "என் புல்லுல தடம் விழுந்துச்சுன்னா உங்க எல்லாரையும் அந்தத் தடத்துலயே புதைச்சிருவேன்" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார்.

வேலை எளிது. ட்ராவிஸ் தூக்குக் கூடையில் உயரே போய்க் கோபுரத்தின் தலையில் கிரேனின் வாரைக் கட்டுவான். கீழே மற்றவர்கள் அடித்தண்டை அறுப்பார்கள். கிரேன் அதை மெதுவாகப் புல்வெளியில் படுக்க வைக்கும். பக்கத்திலேயே வழவழப்பான புதுத் தூண் ஒன்றை நிறுத்துவார்கள். புதியதில் ஏணியே கிடையாது. விளக்கை மாற்ற யாரும் ஏற வேண்டியதில்லை.

முதலாவதாக இடது பக்கக் கோபுரம் சாய்ந்தது. அது சாயும்போது லோர்னா விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு மைதானம் முழுவதும் தெரிய ஒரு படம் வேண்டுமென்று லென்ஸைத் திருப்பினாள்.

அடுத்த கோபுரத்தின் தலையில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான்.

விளக்குச் சட்டத்துக்குக் கீழே, குறுக்குக் கம்பியில். கால்கள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. தலை கவிழ்ந்து தாடை நெஞ்சில் படிந்திருந்தது.

கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தாள். பனியும் இரும்பும் மட்டும்.

"எல்டன், அடுத்த மூலைக் கோபுரத்துல யாரு?"

"யாரும் இல்ல. என் ஆளுங்க எல்லாரும் இங்கதான் சும்மா நிக்கிறாங்க, பாரேன்."

தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டாள். பல மாதங்களாகவே எல்லாவற்றுக்கும் அதைத்தான் காரணமாக நினைத்துக்கொள்கிறாள்.

மதியம் ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளத்து பெஞ்சில் ரேமண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அந்தப் படம் வந்தது. பெரிதாக்கினாள்.

துணித் தொப்பி. முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. அக்டோபர் குளிரில் சட்டை மட்டும். இடுப்பில் அகலமான தோல் பெல்ட். அதன் வார் கம்பியைச் சுற்றிக் கட்டியிருந்தது.

ரேமண்டின் வாய்க்குப் பாதி வழியில் சாண்ட்விச் நின்றது. அதிலிருந்த கடுகு சாஸ் சொட்டி அவர் கால்சட்டையில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

"அழிச்சிரு" என்றார்.

"யாரு இது?"

அவர் சாண்ட்விச்சைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினார். நேரம் எடுத்துச் சுற்றினார்.

"எமில் ஹுடாக். ஆலையில எலக்ட்ரீஷியன். ஷிஃப்ட் முடிச்சுட்டு இங்க வந்து பல்பு மாத்துவாரு. நான் அப்பச் சின்னப் பையன். வேலை முடிஞ்சாலும் சில நாள் இறங்க மாட்டாரு. மேலயே உக்காந்து ஆட்டம் பாப்பாரு. ஊர்ல நல்ல சீட்டு ஹுடாக்குக்குத்தான்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க."

"அப்புறம்?"

"ஒரு நாள் சாயங்காலம் விளக்கு போட்டாங்க. அவரு மேல இருந்தாரு. வழக்கமா இருக்கிறதுதானேன்னு யாரும் ஒண்ணும் நினைக்கல. அன்னைக்கு நம்ம பசங்க கடைசி நேரத்துல ஜெயிச்சாங்க. மொத்த மைதானமும் எழுந்து நின்னு அவரைப் பாத்துக் கையாட்டுச்சு. 'எமில்! எமில்!'னு கத்துச்சு. எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கி வச்சாரு. நானும் ஆட்டுனேன்." அவர் மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார். "ஆட்டம் முடிஞ்சுது, விளக்கை அணைச்சாங்க, கேட்டைப் பூட்டுனாங்க, எல்லாரும் வீட்டுக்குப் போனோம். காலைல அவரு பொண்டாட்டி ஐரீன் கேட்டுல வந்து நின்னாங்க. சாப்பாட்டை மூடி வச்சுட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்தேன், எமில் வரலைன்னு சொன்னாங்க. அப்பதான் எல்லாரும் மேல பாத்தோம்."

லோர்னா படத்திலிருந்த பெல்ட்டை மறுபடி பார்த்தாள்.

"மத்தியானமே நெஞ்சு நின்னுருச்சாம். பெல்ட்டு பிடிச்சு வச்சிருந்திருக்கு. நாங்க கையாட்டுனது பொணத்துக்கு."

லோர்னா அந்தப் படத்தை எல்டனிடம் காட்டினாள். சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேமராவைத் திருப்பிக் கொடுத்தான்.

"ட்ராவிஸ்கிட்ட இதைக் காட்டிராத."

"மேல போறவன் அவன்தானே? அவனுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சா ஏற மாட்டான். அவன் ஏறலைன்னா நான் ஏறணும். என் முழங்காலைப் பாத்திருக்கல்ல?" குரலைத் தாழ்த்தினான். "லென்ஸுல அழுக்குன்னு நினைச்சுக்கோ. எனக்கு வேலை முடியணும். உனக்கும்தான்."

அவள் வாதாடவில்லை. வாதாட முடியாத அளவுக்குச் சோர்வு. பிற்பாடு யோசித்தபோது, அந்தச் சோர்வை நினைத்துத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் அந்த மூலைக் கோபுரம் இறங்கியது. வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. லென்ஸ் வழியாக அவன் தெரிந்தான். கோபுரம் சாயச் சாய அவனும் சாய்ந்தான். தொங்கிய கால்கள் ஊசலாடின. இரும்பு புல்லில் படிந்தபோது கம்பி காலியாக இருந்தது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். நெற்றி வியர்வையைத் துடைத்தாள். எல்லாம் முடிந்தது, பாவம், போகட்டும் என்று நினைத்துக்கொண்டே மறுபடி கேமராவைத் தூக்கினாள்.

அவன் அடுத்த கோபுரத்தில் உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதே கதைதான். கோபுரம் போகும், அவன் இன்னொன்றுக்குப் போவான். மின்சாரத்தை எப்போதோ துண்டித்துவிட்டார்கள். ஆனாலும் அவன் இருக்கும் கோபுரத்துக்கு அடியில் நின்றால் மேலிருந்து மெல்லிய ரீங்காரம் கேட்கும், பழைய விளக்குகள் சூடேறும்போது கேட்குமே, அது. கூடவே ஒரு வாசனை. சூட்டில் பொசுங்கும் தூசி. அதோடு நனைந்த தோல்.

ஒரு மாற்றம் மட்டும் இருந்தது. முதலில் அது வெளிச்சத்தின் விளையாட்டு என்றே நினைத்தாள். நெஞ்சில் கவிழ்ந்திருந்த தலை கோபுரத்துக்குக் கோபுரம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டு வந்தது.

ஐந்தாவது கோபுரத்தில் தொப்பியின் விளிம்புக்குக் கீழே மூக்கு தெரிந்தது.

கடைசிக் கோபுரத்தில் முகம் தெரிந்தது.

அது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

பயங்கரமான முகம் இல்லை. ரத்தமில்லை, கோரமில்லை. வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனின் முகம். இவ்வளவு அலுத்த முகத்தை அவள் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

அன்று பிற்பகல் மேகம் இறங்கியிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசத் தொடங்கியது. "சீக்கிரம் முடிச்சிரலாம்" என்றான் எல்டன். ட்ராவிஸ் விசிலடித்துக்கொண்டே கூடையில் ஏறினான்.

"ட்ராவிஸ்!" லோர்னா கூப்பிட்டுவிட்டாள்.

"என்ன லோர்னா?"

எல்டன் அவளைப் பார்த்தான்.

"பாத்து" என்றாள் அவள்.

"மேல போனா நான் கீழ பாக்கிறதே இல்ல" என்று கண்ணடித்துவிட்டு அவன் உயர்ந்தான்.

லோர்னா நீள லென்ஸை மாட்டி அவனைப் பின்தொடர்ந்தாள். கூடை விளக்குச் சட்டத்தின் பக்கத்தில் நின்றது. ட்ராவிஸ் வெளியே சாய்ந்து வாரைக் கட்டினான். கைநீட்டும் தூரத்தில் எமில் ஹுடாக் உட்கார்ந்திருந்தான். ட்ராவிஸின் விசில் நின்றது. அவன் மோப்பம் பிடிப்பதுபோல் முகத்தைத் திருப்பினான்.

எல்டனின் வாக்கிடாக்கி கரகரத்தது. "பாஸ், மேல மின்சாரம் இருக்கா?"

"இல்லடா. ஏன்?"

"ஏதோ ரீங்காரம் கேக்குது. பல்பெல்லாம் சூடா இருக்கு."

"கட்டியாச்சுல்ல? இறங்கு."

கூடை அசைந்தது. ஒரு முழம் நகர்ந்து, வெடுக்கென்று நின்று, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" ட்ராவிஸின் குரல் உடைந்திருந்தது. "என் பெல்ட்டு... பாஸ், என் பெல்ட்டு கோபுரத்தோட கட்டியிருக்கு."

"எங்கயாவது மாட்டியிருக்கும், கழட்டு."

"மாட்டல." மூச்சு வாங்கினான். "கட்டியிருக்கு. யாரோ கட்டியிருக்காங்க."

காற்று பலத்தது. மேலே கிரேனின் சங்கிலி கோபுரத்தில் மோதி மணியடித்தது. கூடை ஆடியது. எல்டன் ஓடினான், நொண்டிக்கொண்டே, எங்கே ஓடுகிறோம் என்று தெரியாமல்.

லோர்னாவின் கண் லென்ஸிலேயே இருந்தது. அவள் பார்த்தாள். எமில் ஹுடாக்கின் ஒரு கை ட்ராவிஸின் சட்டைக் கையைப் பிடித்திருந்தது. இழுக்கவில்லை. தள்ளவில்லை. கடைசியாகக் கிளம்புகிற வண்டியைப் பிடிப்பவன் மாதிரி பிடித்திருந்தான்.

முகம் மட்டும் இன்னும் கீழே, அவளை நோக்கியே இருந்தது.

அவன் யாரையும் கொல்ல நினைக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அதனால் மட்டும் ட்ராவிஸ் பிழைத்துவிடப் போவதில்லை என்பதும் புரிந்தது.

"ரேமண்ட், கூப்பிடுங்க அவரை!"

ரேமண்டின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. வலது கை மட்டும் தானாக மேலே எழுந்து, சின்னப் பையன் மாதிரி, மெல்ல ஆடியது.

லோர்னா மைதானத்தின் நடுவுக்கு ஓடினாள். கேமரா நெஞ்சில் மோதியது.

"மிஸ்டர் ஹுடாக்!"

காற்று அதைக் கொண்டு போய்விட்டது. தொண்டை கிழியக் கத்தினாள்.

"எமில்! ஆட்டம் முடிஞ்சிருச்சு! எல்லாரும் போயிட்டாங்க! இறங்கி வாங்க!"

ரீங்காரம் நின்றது. நின்ற பிறகுதான் அது எவ்வளவு பலமாகக் கேட்டிருந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"அவனை விட்டுருங்க. உங்களை நான் வீட்டுல கொண்டு போய் விடுறேன்."

யோசித்துச் சொன்னதில்லை. வயதானவர் ஒருவர் மழையில் நின்றால் யாரும் சொல்லுகிற வார்த்தை, வாயில் வந்துவிட்டது.

மேலே ஏதோ இரும்பு 'ணங்' என்று விடுபட்டது. கூடை துள்ளி நேரானது. "கழண்டுருச்சு!" என்று அழுகையும் சிரிப்புமாக வாக்கிடாக்கி கத்தியது. கூடை இறங்கத் தொடங்கியது.

லோர்னா கேமராவைத் தூக்கினாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

குறுக்குக் கம்பியில் யாருமில்லை.

ஏணியில் இருந்தான்.

முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினான். அவசரமில்லை. ஒரு காலை வைத்து, சோதித்து, மறு காலை எடுத்து. மரத்துப்போன கால்களோடு இறங்குகிறவன் அப்படித்தான் இறங்குவான். பாதி உயரம். அதற்கும் கீழே. ரேமண்ட் நின்ற இடத்தை ஒட்டி. பூட்ஸ் புல்லில் பட்டது.

அவன் திரும்பினான்.

லோர்னா கேமராவை இறக்கிவிட்டாள். வெறும் கண்ணுக்குப் புல் மட்டும் தெரிந்தது. அந்தப் புல் ஒரு இடத்தில் மடங்கியது. அதற்கு முன்னால் இன்னொரு இடத்தில் மடங்கியது.

அவளை நோக்கி.

ரேமண்டும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். புல்லைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இருட்டுவதற்குள் கடைசிக் கோபுரமும் படுத்தது. ட்ராவிஸ் போர்வையைச் சுற்றிக்கொண்டு லாரியின் படியில் உட்கார்ந்து, எல்டன் கொடுத்த காபியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். லோர்னா போய் அவன் முன்னால் நின்றாள்.

"உன்கிட்ட முன்னாலயே சொல்லியிருக்கணும்."

"யாரை எமில்னு கூப்பிட்ட?"

எல்டன் இடையில் வந்தான். "அவளைக் கேக்காதடா. நான்தான் சொல்ல வேண்டாம்னேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு."

ட்ராவிஸ் யாரையும் திட்டவில்லை. தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "ரொம்பக் குளிர்ந்த கை, பாஸ்" என்றான்.

லோர்னா கிளம்பும்போது ரேமண்ட் வாசல் வரை வந்தார். "ஐரீன் செஸ்ட்நட் தெருவுல இருந்தாங்க" என்றார், கேட்காமலே. "தேவாலயத்துக்கு எதிர்ல. பச்சைக் கதவு." மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

கேமராப் பையைக் காரின் பின்பெட்டியில் வைத்தாள். கதவைத் திறந்து உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினாள்.

காரின் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது.

டிங். டிங். டிங்.

தன் பெல்ட்டைப் பார்த்தாள். போட்டிருந்தது. முன்பலகையில் சிவப்பாக எரிந்தது பக்கத்து இருக்கையின் விளக்கு. யாராவது உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் எரிவது.

பக்கத்து இருக்கை காலி.

ஓடிவிடலாம் என்று தோன்றியது. கதவைத் திறந்துபோட்டுவிட்டு, வெளிச்சம் உள்ள இடத்துக்கு. ஆனால் எங்கே ஓடுவது, ஓடி என்ன செய்வது? சொன்ன வார்த்தை சொன்னதுதான். கையை நீட்டி அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்து, பார்க்காமலே மாட்டினாள். மணி நின்றது.

ஊருக்குள் ஓட்டினாள். ரேடியோ போடவில்லை. கார் முழுக்க நனைந்த தோலின் வாசனை. ஹீட்டரை முழுவதும் திருப்பினாள். அந்தப் பக்கக் குளிர் குறையவில்லை.

"செஸ்ட்நட் தெரு" என்றாள் ஒரு தடவை, பதிலை எதிர்பார்க்காமல். "இதோ, பக்கத்துலதான்."

தேவாலயம் இருந்தது. எதிரில் பச்சைக் கதவு இல்லை. கதவே இல்லை. வீடுகள் நின்ற இடம் முழுவதும் ஒரு பெரிய மருந்துக்கடை, அதற்கு முன்னால் வண்டி நிறுத்த மஞ்சள் கோடு போட்ட தார்த்தரை. வெள்ளை வெளிச்சத்தில் ஒரு பெண் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

லோர்னா மஞ்சள் கோடுகளுக்கு நடுவே காரை நிறுத்தினாள். இறங்கிச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்தாள். குனிந்து பெல்ட்டைக் கழற்றினாள்.

"இங்கதான் மிஸ்டர் ஹுடாக்." விலகி நின்று வழிவிட்டாள். "வீடு இல்ல. அவங்களும் இருக்க மாட்டாங்க. ஆனா இடம் இதுதான்."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை தூற ஆரம்பித்தது. சாமான் வண்டியைத் தள்ளிய பெண் இவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். கை விறைக்கும் வரை நின்றுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினாள். வந்து உட்கார்ந்தாள். நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள். முடிந்தது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

எஞ்சினைக் கிளப்பினாள்.

டிங். டிங். டிங்.

லோர்னா அழவில்லை, அலறவில்லை. எல்லாத் தெம்பும் எப்போதோ தீர்ந்திருந்தது. கையை நீட்டி பெல்ட்டை இழுத்தாள். இந்தத் தடவை அது இன்னும் கொஞ்சம் நீளமாக வர வேண்டியிருந்தது. மாட்டினாள். மணி அடங்கியது.

இந்தத் தடவை அவள் பார்த்தாள்.

பெல்ட் இருக்கையில் படியவில்லை. ஒரு மனிதனின் நெஞ்சைச் சுற்றியிருப்பதுபோல் முன்னால் விலகி, இறுக்கமாக நின்றது. நின்ற இடத்தில், மெல்ல, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.